வெறுங்கையும் முதல் இரவும்



ஒரு மனிதன் முன்பின் அறியாத நிலமொன்றில் நிற்கின்றான். அவன் கையில் ஒன்றுமில்லை. கத்தி இல்லை, தீப்பெட்டி இல்லை, உண்ண ஒரு கவளம் சோறும் இல்லை. எதிரே சில மரங்கள். அவற்றிற்கு அப்பால் ஒரு குன்று. பொழுது புலர்ந்திருக்கிறது. ஆனால் இன்னும் பத்தே நிமிடங்களில் கதிரவன் சாயத் தொடங்குவான். இருள் சூழ்ந்ததும் கொடிய உருவங்கள் எழுந்து வரும். அதற்குள் அம்மனிதன் செய்துகொள்ளவேண்டியவை யாவை?

இது பழங்கதையன்று. உங்களுள் பலர் கணினியிலும் கைப்பேசியிலும் ஆடுகின்ற மைன்கிராஃப்ட் என்னும் விளையாட்டின் தொடக்கம் இதுதான். வரலாறு கற்பித்த ஓர் ஆசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வேலை உண்டு. மனித இனம் கருவிகளைக் கண்டு முன்னேறிய நெடுங்கதையை இவ்விளையாட்டு ஒரு மாலைப்பொழுதிற்குள் சுருக்கிவிடுகிறது. அவ்வாறு சுருக்கும்போது ஓர் உண்மையைத் தெளிவாகக் காட்டுகிறது; மற்றோர் உண்மையை மறைத்துவிடுகிறது. அவ்விரண்டைப் பற்றியும் இன்று சொல்ல விரும்புகிறேன்.

முதலில் விளையாட்டின் வரலாற்றைச் சிறிது காண்போம். சுவீடன் நாட்டினரான மார்க்கஸ் பெர்சன் என்பவர் 2009-ஆம் ஆண்டு மே மாதத்தில் இதன் முதல் வடிவைப் பொதுமக்கள்முன் வைத்தார். அதே ஆண்டில் சக்கரி பார்த் என்னும் அமெரிக்கர் உருவாக்கியிருந்த இன்ஃபினிமைனர் என்ற விளையாட்டு அவருக்குத் தூண்டுகோலாயிற்று. தொடக்கத்தில் இதில் அச்சமும் இல்லை, பசியும் இல்லை. சதுரக் கட்டிகளை எடுக்கலாம், அடுக்கலாம், அவ்வளவே. உயிர்பிழைக்கும் போராட்டம் அவ்வாண்டு செப்டம்பரில் ஒரு சோதனையாகச் சேர்க்கப்பட்டது. பொருள்களை இணைத்துக் கருவி செய்யும் முறை 2010-இன் தொடக்கத்தில் வந்தது. முழு வடிவம் 2011 நவம்பர் 18-ஆம் நாள் வெளியாயிற்று. அதற்கு முன்பே, அவ்வாண்டு ஜனவரியிலேயே, பத்து இலட்சம் படிகள் விற்றுவிட்டன. 2014-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் பெர்சனின் மொஜாங் நிறுவனத்தை 250 கோடி டாலருக்கு வாங்க முன்வந்தது. 2023-ஆம் ஆண்டு அக்டோபரில் 30 கோடிப் படிகளுக்கு மேல் விற்றுவிட்டதாக அறிவிப்பு வந்தது.

இனி, வெறுங்கையோடு நிற்கும் மனிதனிடம் திரும்புவோம். அவன் முதலில் செய்யத்தக்கது மரத்தைக் கையால் தாக்கி வீழ்த்துவதே. ஒரு மரக்கட்டை நான்கு பலகைகளைத் தரும். இரண்டு பலகைகள் நான்கு கோல்களாகும். நான்கு பலகைகளைச் சேர்த்தால் ஒரு பணிமேசை கிடைக்கும். அம்மேசையில் மூன்று பலகைகளையும் இரண்டு கோல்களையும் முறைப்படி வைத்தால் மரத்தாலான குந்தாலி ஒன்று உருவாகும். ஆக, மூன்று மரக்கட்டைகள் இருந்தால் மேசையும் குந்தாலியும் செய்துகொண்டு, சிறிது மிச்சமும் பிடிக்கலாம்.

குந்தாலி எதற்கு? கல்லை வெறுங்கையால் உடைத்தால் உடையும்; ஆனால் ஒன்றும் கிட்டாது. மரக் குந்தாலியால் உடைத்தால்தான் கல் நம் கைக்கு வரும். அக்கல்லைக்கொண்டு கற்குந்தாலி செய்யவேண்டும். ஏனெனில் மரக் குந்தாலி இரும்புத் தாதினை எடுக்க வலியற்றது. கற்குந்தாலிக்கே அவ்வலிமை உண்டு. எட்டுக் கற்களால் ஓர் உலை அமைத்து, தாதினை அதிலிட்டு இரும்பாக்கலாம். இரும்புக் குந்தாலி இருந்தால்தான் வைரம் அகப்படும். மரக் குந்தாலி 59 முறை பயன்படும். கற்குந்தாலி 131 முறை. இரும்புக் குந்தாலி 250 முறை. ஒவ்வொரு படியும் அதற்கு முந்திய படியின்மீது நிற்கிறது. முதற்படியை விட்டுவிட்டு மூன்றாம் படியில் கால்வைக்க எவராலும் இயலாது.

இதுவே இவ்விளையாட்டு தெளிவாகக் காட்டும் உண்மை. கருவியைச் செய்வதற்குக் கருவி வேண்டும். நம் முன்னோர் ஒரு கல்லைத் தட்டிக் கூராக்க மற்றொரு கல்லைத்தான் கையிலெடுத்தனர். வகுப்பறையில் நான் பல ஆண்டுகள் சொல்லியும் மாணவர் மனத்தில் பதியாத இச்செய்தி, ஓர் ஆட்டத்தில் பத்து நிமிடங்களில் பதிந்துவிடுகிறது.

அடுத்து, இவ்விளையாட்டு மறைக்கும் உண்மை. இதை நான் அறிந்துகொண்ட வகையைச் சொல்லுகிறேன்.

நான் பணியிலிருந்து ஓய்வுபெற்றபின், விடுமுறைக்கு வந்த என் பேரன் தன் கணினியின் முன் என்னை அமர்த்தினான். அவன் உதவ முன்வந்தபோது நான் மறுத்துவிட்டேன். மாணவன் தானே முயன்று கற்பதே கல்வி என்பது என் நெடுநாளைய கொள்கை. பக்கத்து மாணவனைக் கேட்டு விடையெழுதியவனைப் பன்முறை எழுந்து நிற்கச் செய்தவன் நான். எனவே துணையின்றித் தொடங்கினேன். அழகிய காட்சிகளைக் கண்டுகொண்டு நெடுந்தொலைவு நடந்தேன். மாலை வந்தது, இருள் வந்தது, எலும்புக்கூடொன்று அம்பெய்தது, இறந்தேன். மறுமுறை பசும்புல் நிலத்தில் படுத்துறங்கலாமென எண்ணினேன். கட்டிலின்றி உறங்க வழியில்லை. அம்முறையும் இறந்தேன்.

மூன்றாம் முறை ஒரு குன்றைக் கையாலேயே தோண்டி உள்ளே சென்று, மண் கட்டியால் வாயிலை அடைத்துக்கொண்டேன். உயிர் தப்பிற்று. ஆனால் உள்ளே ஒரே இருட்டு. வெளியே நடமாடும் உருவங்களின் முனகல் கேட்டது. இரவு ஏறத்தாழ ஏழு நிமிடங்களே. அவ்வேழு நிமிடங்கள் எனக்கு ஒரு யாமமாகத் தோன்றின. அப்போது பின்னால் நின்றிருந்த பேரன் பொறுக்கமாட்டாமல் சொன்னான்:

“தாத்தா, மரக்கட்டையை உலையில் போட்டு எரித்தால் கரியாகும். கரியையும் கோலையும் சேர்த்தால் நான்கு தீப்பந்தம் கிடைக்கும். நிலக்கரிதான் வேண்டுமென்று தேடி அலைய வேண்டாம்.”

“இதை உனக்குச் சொல்லித் தந்தவர் யார்?” என்று கேட்டேன்.

“என்னோடு படிக்கும் பெண் சொன்னாள். அவளுக்கு அவளுடைய அண்ணன் சொன்னானாம்.”

என் கொள்கை அவ்விடத்தில் ஆட்டங்கண்டது. மரத்தைக் கரியாக்கலாம் என்பதை நான் எத்தனை இரவுகள் இறந்து கற்றிருப்பேன்? ஒரு பெண்ணின் அண்ணனுக்கும் அதை எவரோ சொல்லித்தான் இருக்கவேண்டும். பின்னர் விசாரித்தபோது, இவ்விளையாட்டின் வரலாறே அதற்குச் சான்றாக நிற்பதைக் கண்டேன். எப்பொருளை எப்படி இணைப்பது என்னும் குறிப்பேடு இதன் கணினி வடிவத்தில் 2017-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில்தான் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் பல ஆண்டுகள் ஆடியவர்களுக்கு விளையாட்டிற்குள் அத்தகைய பாடநூல் இல்லை. ஒருவர் தற்செயலாகக் கண்டதை மற்றவர்க்குச் சொன்னார். ஆடுவோரே கூடி எழுதிய தகவல் களஞ்சியம் 2009-ஆம் ஆண்டிலேயே இணையத்தில் தோன்றிவிட்டது. முதல் இரவை எப்படிக் கடப்பது என்று காட்டும் படக்காட்சிகள் பெருகின. பத்து இலட்சம் படிகளை விற்ற விளையாட்டிற்குப் பாடம் சொன்னவர்கள் அதனை ஆடிய மக்களே.

டேனியல் டீஃபோ 1719-இல் வெளியிட்ட ராபின்சன் குருசோவின் கதையை நீங்கள் படித்திருப்பீர்கள். தன்னந்தனியே தீவில் வாழ்ந்தவன் என்று குருசோவைப் புகழ்கிறோம். ஆனால் உடைந்த கப்பலிலிருந்து அவன் தச்சனின் கருவிப் பெட்டியையும் துப்பாக்கிகளையும் உணவையும் கரைக்குக் கொண்டுவந்ததை மறந்துவிடுகிறோம். அப்பெட்டியில் இருந்தது எத்தனையோ கொல்லர்களின் உழைப்பு. மைன்கிராஃப்ட் மனிதனுக்குக் கப்பலும் இல்லை, பெட்டியும் இல்லை. ஆயினும் அவனை இயக்கும் விரல்களுக்குப் பின்னால், பிறர் கண்டு சொன்ன அறிவு இருக்கிறது. அவனுடைய கருவிப் பெட்டி அதுவே. அவன் தனியன் என்பது திரையில் தோன்றும் மாயத்தோற்றம்.

திரை மறைப்பது இன்னொன்றும் உண்டு, அது காலம். உலையில் ஒரு தாதுக் கட்டி பத்து நொடிகளில் இரும்பாகிவிடுகிறது. உண்மையில் இரும்பு உருகுவதற்கு 1,500 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். பண்டைய உலைகளுட் பெரும்பாலானவை அவ்வெப்பத்தை எட்டவில்லை. பஞ்சுபோல் துளைகள் நிறைந்த இரும்புப் பிண்டமே அவற்றிலிருந்து கிடைத்தது. அதனை மீண்டும் மீண்டும் காய்ச்சி அடித்துக் கசடு நீக்கினர். கென்யா நாட்டில் கிடைத்த மிகப் பழைய கற்கருவிகளுக்கு ஏறக்குறைய 33 இலட்சம் ஆண்டு வயது சொல்லுகிறார்கள். தாதிலிருந்து இரும்பைப் பிரித்தெடுக்கும் தொழிலோ தோன்றிச் சில ஆயிரம் ஆண்டுகளே ஆகின்றன. கல்லுக்கும் இரும்புக்கும் இடையே நீங்கள் செலவிடும் அரைமணி நேரத்திற்குள் எண்ணற்ற தலைமுறைகள் அடங்கிக் கிடக்கின்றன.

கோப்பன்ஹேகன் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய தாம்சன் என்னும் அறிஞர், பழம்பொருள்களைக் கற்காலம், வெண்கலக் காலம், இரும்புக் காலம் என முப்பிரிவாக வகுத்து 1836-இல் நூலாக வெளியிட்டார். மைன்கிராஃப்டில் நெடுங்காலம் நடுப்பிரிவுக்கு இடமில்லை. கல்லிலிருந்து நேரே இரும்புக்குத் தாவினர். செம்புத் தாது 2021-இல்தான் சேர்ந்தது. செம்புக் கருவிகள் 2025-இல் வந்தன. உண்மை வரலாற்றிலும் எல்லா நாட்டினரும் ஒரே ஏணியில் ஒரே வரிசையில் ஏறவில்லை. ஆகவே விளையாட்டின் ஏணியை உலக வரலாற்றின் ஏணியாகக் கொள்ளவேண்டாம். கருவிக்குக் கருவி வேண்டும் என்னும் நியதியை மட்டும் கொள்ளுங்கள்.

இவ்விளையாட்டைப் புதிதாகத் தொடங்குவோர்க்கு ஓர் அனுபவசாலியாகச் சில சொற்கள். இரண்டு முறை இறந்தவன் அனுபவசாலிதானே! முதற்பகலில் நெடுந்தொலைவு செல்லாதீர்கள். மரமும் கல்லும் அருகருகே உள்ள இடத்தில் தங்குங்கள். கதிரவன் சாயுமுன் ஒரு குகையோ குடிலோ அமைத்து, உள்ளே தீப்பந்தம் நடுங்கள். இருளில்தான் பகைவர் தோன்றுவர். ஆடுகள் கண்ணிற்பட்டால் மூன்று கட்டி கம்பளியையும் மூன்று பலகைகளையும் சேர்த்துக் கட்டில் செய்துகொள்ளுங்கள். அதில் உறங்கினால் இரவு கழியும். பின்னர் இறக்க நேர்ந்தாலும் அதனருகிலேயே மீண்டும் எழலாம். தெரியாததைத் தெரிந்தவரிடம் கேளுங்கள். கேட்பதில் இழிவில்லை. இதனை நான் அறுபது வயதிற்குமேல் கற்றேன். நீங்கள் இப்போதே கற்றுக்கொள்ளலாம்.

அன்றிரவு என் குகையில் முதல் தீப்பந்தம் எரிந்தபோது பேரன் கைதட்டினான். அண்டை அயலாரிடம் விடை கேட்டதற்காக நான் எழுந்து நிற்கச் செய்த மாணவர்கள் என் நினைவிற்கு வந்தனர். தேர்விலே பார்த்தெழுதுவது குற்றமே. அதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால் கற்கும் வேளையில் கேட்டவனையும் நான் அக்குற்றவாளியோடு ஒன்றாக நிறுத்திவிட்டேன். அவன் மனித இனம் முதல் இரவிலிருந்து செய்துவந்ததையே செய்தான்.

உங்கள் முதல் இரவு நலமே விடியட்டும். விடிந்தபின், உங்களுக்குப் பின்னால் வெறுங்கையோடு வருபவனுக்கு, கரி செய்யும் வழியைச் சொல்லிக்கொடுங்கள்.