கூரையா, அடுப்பா? லயத்து வீட்டில் எதை எப்போது மாற்றுவது

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப்போட்ட பிறகு, ஜனவரியில்தான் பொகவந்தலாவைக்குப் போய் அத்தையைப் பார்க்க முடிந்தது. இரண்டாம் நாள் விடியற்காலை நெற்றியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்து விழித்துக்கொண்டேன். வெளியே மழை இல்லை. வானம் வெளித்துக் கிடந்தது. லாம்பை உயர்த்திப் பார்த்தால் கூரைத் தகரத்தின் அடிப்பக்கம் முழுக்க நீர்த்துளிகள்.

"தகரம் வேர்க்குது தம்பி. பனிக் காலத்துல அப்புடித்தான்" என்றார் அத்தை. பக்கத்தில் அவருடைய பேத்தி இழுப்போடு புரண்டு படுத்தாள்.

என் அப்பா இதே லயத்தில் பிறந்தவர். 1977 கலவரத்துக்குப் பிறகு வன்னிக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறிய மலையகக் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. ஆகவே தகரக் கூரை எனக்குப் புதிதல்ல. 2008இல் கிளிநொச்சியை விட்டு ஓடும்போது கூரைத் தகரங்களைக் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டுதான் ஓடினோம். பிறகு செட்டிகுளத்தில் தறப்பாள் கொட்டில், மீள்குடியேற்றத்தில் மறுபடியும் தகரம். வன்னியில் தகரம் பகலில் வாட்டும். பொகவந்தலாவையில் அது இரவில் வாட்டுகிறது.

அந்தக் கிழமை அத்தை வீட்டில் ஒரு வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. அத்தையின் சேமலாப நிதியில் மிஞ்சியதும், கொழும்பில் கடையில் வேலை செய்யும் மகன் அனுப்பியதும் சேர்ந்து கையில் ஒன்றரை இலட்சம் ரூபாய் இருந்தது. அத்தைக்குக் கூரையை மாற்ற வேண்டும். மருமகளுக்கு அடுப்பை மாற்ற வேண்டும். மகனோ, புதுவீடு வரப்போகிறது, இதில் காசைப் போடாதீர்கள் என்று தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் முதலில் அத்தை பக்கம்தான் பேசினேன். கிழமை முடிவில் மனம் மாறிவிட்டது. ஏன் மாறியது என்பதை, இதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும்படி எழுதுகிறேன்.

வீட்டின் சூடும் குளிரும்

லயத்து வீட்டில் குளிரையும் சூட்டையும் ஆளுவது இரண்டே பொருள்கள்: அடுப்பும் கூரையும். அத்தையின் வீடு ஒற்றை லயம். முன்னே இஸ்தோப்பு, நடுவே ஒரு காம்பரா, பின்னே குசினி. குசினி அடுப்பின் அனல்தான் மாலையில் காம்பராவைச் சூடாக்குகிறது. அந்தச் சூட்டைக் கூரை இரவில் வெளியே விட்டுவிடுகிறது. மேகமில்லாத இரவில் மெல்லிய தகரம் தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். சமையலின் ஆவியும் ஆட்களின் மூச்சும் அதில் பட்டு நீராகிச் சொட்டும். பங்குனி வெயிலில் இதே தகரம் அனலைக் கீழே இறக்கும்.

குளிர் வெறும் அசௌகரியம் அல்ல. குளிர்ப் பிரதேச வீடுகளுக்குள் வெப்பம் 18 பாகை செல்சியசுக்குக் குறையாமல் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் வழிகாட்டியது. அதே நிறுவனத்தின் கணக்கில், வீட்டுக்குள் சேரும் அடுப்புப் புகையால் 2020இல் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் இறந்திருக்கிறார்கள். அவர்களில் 2,37,000க்கும் மேற்பட்டவர்கள் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். குளிர் காக்கும் அடுப்பே நெஞ்சைக் கெடுக்கிறது என்பதுதான் எங்கள் சிக்கல்.

முதலில் நிலத்தைப் பாருங்கள்

எதை மாற்றுவது என்று யோசிக்கும் முன், அந்த இடத்தில் தொடர்ந்து இருக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியது. டித்வாவின்போதும் மலையகம் அதையே கண்டது. லயத்துக்கு மேலே நிலத்தில் புதிய வெடிப்பு, சுவரில் சாய்வான விரிசல், திடீரென ஊறும் கலங்கல் நீர், சாய்ந்து நிற்கும் மரங்கள் இருந்தால் கூரைக்கோ அடுப்புக்கோ காசு போடாதீர்கள். கிராம உத்தியோகத்தரிடம் எழுத்தில் அறிவித்து, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிசோதனையைக் கேளுங்கள். அத்தையின் லயத்தைச் சுற்றி நடந்து பார்த்தோம். அப்படியான அடையாளம் எதுவும் தெரியவில்லை. அதன் பிறகுதான் மேற்கொண்டு பேசினோம்.

அடுப்பை மாற்றும் நேரம்

அடுப்பைக் குறை சொல்வதற்கு முன் விறகைப் பார்க்க வேண்டும். கவ்வாத்து வெட்டியபின் கிடைக்கும் தேயிலை மிளாறுகளைப் பச்சையாக எரித்தால் எந்த அடுப்பும் புகையும். ஒரு கிழமை நன்றாகக் காய்ந்த விறகை மட்டும் எரித்துப் பாருங்கள். புகை குறைந்தால் பிழை விறகில். குறையாவிட்டால் அடுப்பில்.

அடுத்து ஊதுபத்திச் சோதனை. அடுப்பு எரியும்போது அதன் வாய்க்குப் பக்கத்தில் ஊதுபத்தியைப் பிடியுங்கள். அதன் புகை உள்ளே இழுபட்டுப் புகைபோக்கியால் போனால் அடுப்பு வேலை செய்கிறது. திரும்பி அறைக்குள் வந்தால் புகைபோக்கி அடைபட்டிருக்கிறது, அல்லது கூரையின் முகட்டைவிடத் தாழ்ந்திருக்கிறது. கரியைத் துப்புரவாக்கி, குழாயை முகட்டுக்கு மேல் இரண்டடி உயர்த்தினாலே பல அடுப்புகள் பிழைத்துவிடும். குழாய் மரச்சட்டத்தைத் தொடக்கூடாது.

சட்டி வைக்கும் குமிழ்கள் தேய்ந்து, பக்கச் சுவர் வெடித்து, முன்பைவிட அதிக விறகு கேட்டால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. வீட்டில் இழுப்புள்ள பிள்ளையோ கர்ப்பிணியோ இருந்தால் அவ்வளவு காலம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

எண்பதுகளில் இலங்கையில் உருவான 'அனகி' அடுப்பு நல்ல தெரிவு. சுட்ட களிமண்ணில் ஒரே துண்டாகச் செய்த இரட்டை அடுப்பு அது. ஒரு வாயில் விறகு வைத்தால் இரண்டு பாத்திரம் வேகும். மூன்று கல் அடுப்பைவிட விறகும் புகையும் குறைவு. சுற்றிவர மண் பூசிப் பதித்தால் பல மடங்கு நாள் உழைக்கும். அதற்கென்று புகைபோக்கி கிடையாது. ஆகவே மேலே தகரத்தில் ஒரு மூடியும் குழாயும் வைக்க வேண்டும்.

அத்தைக்கு ஒரு பயம் இருந்தது. "தீய மூடி வச்சா காம்பராவுக்குச் சூடு எப்புடி வரும்?" நியாயமான கேள்வி. திறந்த அடுப்பு உடனே அனல் தரும், தீ அணைந்ததும் ஆறிவிடும். தடித்த மண் மேடைக்குள் பதித்த அடுப்பு மெதுவாகச் சூடேறி, சமையல் முடிந்த பிறகும் வெகுநேரம் கதகதப்பு தரும். காம்பராவோடு சேர்ந்த சுவருக்குப் பக்கத்தில் அந்த மேடையைக் கட்டினால் படுக்கும் நேரம்வரை சூடு கிடைக்கும்.

எரிவாயு வைத்திருப்பவர்களும் விறகடுப்பை இடித்துவிட வேண்டாம். 2021 ஒக்டோபரில் 12.5 கிலோ சிலிண்டர் 1,493 ரூபாவிலிருந்து 2,675 ரூபாவுக்கும், 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவுக்கும் ஏறியதையும், அந்த விலைக்கும் வரிசையில் நின்றதையும் மறக்க முடியாது.

ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். குளிருக்காகக் கங்குச் சட்டியைக் காம்பராவுக்குள் கொண்டுவந்து கதவைச் சாத்தாதீர்கள். கங்கிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போகும். மின் ஹீட்டரும் எல்லா வீட்டுக்கும் ஏற்றதல்ல. 2,000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரத்தில் இரண்டு யூனிட் இழுக்கும். பழைய, மெல்லிய வயர் அந்தச் சுமையில் சூடேறிவிடும். லயத்தில் ஒரு காம்பராவில் பிடித்த தீ கூரை வழியே முழு வரிசையையும் தின்றுவிடும்.

கூரையை மாற்றும் நேரம்

நடுப்பகலில் கதவைச் சாத்திவிட்டு அண்ணாந்து பாருங்கள். ஆணித் துளைகளைச் சுற்றி மட்டும் வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் றப்பர் வாசர் வைத்த திருகாணியும் ஒட்டுப்பசையும் போதும். தகரத்தின் நடுவில் புள்ளிகள் தெரிந்தாலோ, விரலால் அழுத்தும்போது துரு உதிர்ந்தாலோ அந்தத் தகரம் முடிந்துவிட்டது. தார் பூசினால் ஒரு மழைக்காலம் தாங்கும். அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது.

தகரத்தைக் காப்பது அதன் மேலுள்ள நாகப் பூச்சு. அது போனபின்தான் இரும்பு துருப்பிடிக்கும். புகையும் ஈரமும் சேர்ந்தால் பூச்சு வேகமாகப் போகும். அதனால்தான் குசினிக்கு மேலுள்ள தகரம் எப்போதும் முதலில் ஓட்டையாகிறது. நான் மனம் மாறியது இந்த இடத்தில்தான். அடுப்பைச் சரிசெய்யாமல் புதுத் தகரம் போட்டால், புதுத் தகரத்தையும் அதே புகை தின்னும். அடுப்பு முதலில், கூரை பிறகு.

தகரத்துக்கு முன் மரத்தைச் சோதியுங்கள். உளுத்த சட்டத்தில் அறைந்த புதுத் தகரம் அடுத்த காற்றோடு போகும். பக்கத்து வீட்டுக்காரர்களோடும் பேசுங்கள். லயத்துக்கு ஒரே கூரை. நீங்கள் மட்டும் மாற்றினால் பொருத்தில் ஒழுகும். இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து செய்தால் கூலியும் குறையும். வேலைக்கு ஏற்ற காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவிலுள்ள எங்கள் பக்கத்தைத்தான் நேராக அடிக்கும்.

தகரம் வியர்ப்பதற்கு மருந்து புதுத் தகரம் அல்ல. தகரத்துக்குக் கீழே ஓரடியாவது இடைவெளி விட்டுப் பலகையாலோ சீலிங் தட்டாலோ ஒரு உள்கூரை அடித்தால் இரவுக் குளிரும் பகல் வெக்கையும் இரண்டுமே குறையும். பொலித்தீனும் உரப்பையும் கட்டுவது மலிவுதான். ஆனால் ஈரம் அதற்குள் தங்கும், தீப்பொறி பட்டால் பற்றும். குசினிக்கு மேல் அவை வேண்டவே வேண்டாம்.

அஸ்பெஸ்டஸ் என்றால்

வடக்கிலும் மலையகத்திலும் பல வீடுகளில் இருப்பது அஸ்பெஸ்டஸ் தட்டு. அதன் நார் நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் வரலாம். 2018 ஜனவரியிலிருந்து அதன் இறக்குமதியைத் தடுக்க இலங்கை முடிவெடுத்திருந்தது. 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியில் பூச்சி கண்டதென்று கூறி ரஷ்யா எங்கள் தேயிலையை நிறுத்தியது. அஸ்பெஸ்டஸை ஏற்றுமதி செய்யும் பெரிய நாடும் ரஷ்யாதான். சில நாட்களுக்குள் கொழும்பு அஸ்பெஸ்டஸ் தடையைத் தள்ளிப்போட்டது, தேயிலைத் தடையும் நீங்கியது. கொழுந்து பறிப்பவரின் கூரைக்கும் அவர் பறித்த தேயிலைக்கும் இப்படியும் ஒரு தொடர்பு உண்டு.

தட்டு முழுதாக இருந்தால் பதறிக் கழற்ற வேண்டாம். உடைப்பதும், துளைப்பதும், காய்ந்த தும்புக்கட்டையால் தேய்ப்பதும்தான் ஆபத்து. உதிரத் தொடங்கினால் நன்றாக நனைத்து, வாயையும் மூக்கையும் மூடி, முழுத் தட்டாக இறக்குங்கள். உடைந்த துண்டுகளை அடுப்புக்கு மறைப்பாகவோ, பிள்ளைகள் விளையாடும் இடத்திலோ வைக்காதீர்கள்.

வீடு யாருடையது?

அத்தையின் குடும்பம் நான்கு தலைமுறையாக அந்தக் காம்பராவில் இருக்கிறது. ஆனால் அது அவர்களுடையதல்ல. நிலம் அரசினுடையது. 1992இலிருந்து நிர்வாகம் கம்பனிகளுடையது. கூரை ஒழுகுகிறது என்று அத்தை வாயால் சொல்லிய முறைப்பாட்டுக்குப் பல வருடம் பதில் இல்லை. ஆகவே எழுத்தில் கொடுக்க வேண்டும். தோட்ட முகாமையாளருக்கு ஒரு கடிதம், பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்துக்கு ஒரு பிரதி, பிரதேச செயலகத்துக்கு ஒரு பிரதி. தெளிவான படம், திகதி, பெற்றுக்கொண்டதற்கான ஒப்பம் எல்லாம் வாங்கி வையுங்கள். உங்கள் காசில் திருத்துவதாக இருந்தால், அனுமதியையும் பற்றுச்சீட்டுகளையும் பத்திரப்படுத்துங்கள்.

புதுவீட்டுக்காகக் காத்திருப்பதா? இந்திய வீட்டுத்திட்டத்தின் 50,000 வீடுகளில் 46,000 வடக்கு கிழக்குக்கும் 4,000 மலையகத்துக்கும் ஒதுக்கப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். பெயர்ப் பட்டியலில் பெயரும், காணித் துண்டும், தொடங்கும் திகதியும் மூன்றும் எழுத்தில் உங்கள் கையில் இருந்தால் காத்திருக்கலாம். ஒன்று குறைந்தாலும் இன்றைய வீட்டில் இன்றைய நெஞ்சைக் காப்பாற்றத்தான் வேண்டும்.

அதற்கு வன்னி ஓட்டத்தில் கற்ற பாடம் ஒன்று உதவியது. கழற்றிக் கொண்டுபோகக் கூடியதில் காசைப் போடு. தகரமும் திருகாணியும் உள்கூரைப் பலகையும் புதுவீடு கிடைத்தால் கூடவே வரும். சீமெந்துச் சுவர் வராது.

அத்தையும் மருமகளும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். முதலில் அடுப்பும் புகைபோக்கியும். அடுத்து குசினிக்கு மேல் ஐந்து தகரம். மிச்சக் காசில் பேத்தி படுக்கும் பக்கத்துக்கு உள்கூரை. காம்பராவின் மற்றத் தகரங்களுக்குத் திருகாணியும் ஒட்டுப்பசையும். மகனும் கடைசியில் சம்மதித்தார்.

மார்ச் மாதம் அத்தை தொலைபேசியில் பேசினார். குளிர் முழுதாகப் போகவில்லையாம். ஆனால் விடியலில் யார் நெற்றியிலும் சொட்டு விழுவதில்லை. "பிள்ளைக்கு இழுப்பு கொறஞ்சிருக்கு தம்பி" என்றார். கொடுத்த கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. ஒப்பம் வைத்த பிரதியைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாராம்.