இரட்டைக் கர்ப்பம்: மருத்துவக் குறியீடும் பதிவும்

இரட்டைக் கர்ப்பத்துக்கான மருத்துவக் குறியீடு கருக்களின் எண்ணிக்கையோடு நிற்பதில்லை. அவை நஞ்சுக்கொடியையும் பனிக்குடத்தையும் பகிர்கின்றனவா என்பதையும் சொல்கிறது. அமெரிக்காவில் 2015 அக்டோபர் 1 முதல் நடப்பிலுள்ள ஐசிடி-10-சிஎம் முறையில் இதற்கான வகை ஓ30.0. நஞ்சுக்கொடியும் பனிக்குடமும் ஒன்றே எனில் ஓ30.01, நஞ்சுக்கொடி ஒன்று, பனிக்குடம் இரண்டு எனில் ஓ30.03, இரண்டுமே தனித்தனி எனில் ஓ30.04. ஒட்டிய இரட்டையருக்கு ஓ30.02. ஆறாம் இலக்கம் மும்மாதத்தைக் குறிக்கும். 30ஆம் வாரத்தில் தனித்தனி நஞ்சுக்கொடி உள்ள கர்ப்பம் ஓ30.043 ஆகும்.

மருத்துவர் எழுதாததைக் குறியீட்டாளர் ஊகிக்கக் கூடாது. ‘இரட்டை’ என்று மட்டும் இருந்தால் ஓ30.00 வகைதான் கிடைக்கும். ஒரே நஞ்சுக்கொடியைப் பகிரும் கருக்களுக்கிடையே ரத்தம் ஏற்றத்தாழ்வாகப் பாயும் ஆபத்து அந்தப் பதிவில் மறைந்துபோகும். முதல் மும்மாத ஸ்கேனிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும் இந்த விவரத்தை அறிக்கையில் விடுவது பெரும் குறை.

சில சிக்கல்களில் ஏழாம் இலக்கம் எந்தக் கரு என்பதைக் காட்டும்: இரண்டாம் கருவின் பிட்டம் முன்வந்திருந்தால் ஓ32.1எக்ஸ்எக்ஸ்2. எனவே ‘முதல் கரு’, ‘இரண்டாம் கரு’ என்ற பெயரீடு ஸ்கேனுக்கு ஸ்கேன் மாறக் கூடாது.

பிரசவத்துக்குப் பின், இருவரும் உயிருடன் பிறந்தால் தாயின் பதிவில் இசட்37.2 சேரும், ஒருவர் இறந்து பிறந்தால் இசட்37.3. குழந்தைகளின் பதிவுகளில் ஓ வரிசை இடம்பெறாது; மருத்துவமனையில் அறுவைப் பிரசவம் எனில் ஒவ்வொரு குழந்தைக்கும் இசட்38.31.