சிறுநீரகச் செயலிழப்பும் நரம்பு மண்டலமும்

சிறுநீரகம் செயலிழந்தால், அது வடிகட்டாமல் விட்ட கழிவுகள் இரத்தத்தில் தேங்கி மூளையையும் நரம்புகளையும் தாக்கும். குற்றவாளி யூரியா மட்டுமல்ல. குவானிடின் சேர்மங்கள் உள்ளிட்ட பலவும் சேர்ந்தே கெடுக்கின்றன. முதலில் பகலில் தூக்கம், இரவில் விழிப்பு, சில்லறைக் கணக்கில் தடுமாற்றம்; வீட்டார் வயதின் மேல் பழியைப் போட்டுவிடுவதுண்டு. கைகளை நீட்டி மணிக்கட்டை நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னால் உள்ளங்கைகள் திடீர் திடீரெனத் துவண்டு விழுந்து எழும். முற்றினால் வலிப்பு, நினைவிழப்பு. கால்களில் வேறு கதை: பாதம் எரியும், மரத்துப்போகும், படுத்தால் காலை ஆட்டாமல் இருக்க முடியாது.

டயாலிசிஸ் மூளைக் குழப்பத்தைப் பெரும்பாலும் தணிக்கும். ஆனால் முதல் சில தடவைகளில் யூரியாவை வேகமாக இறக்கினால் மூளை வீங்கித் தலைவலி, வலிப்பு வரலாம். நரம்புத் தேய்வுக்கு மாற்றுச் சிறுநீரகமே மேல். இந்தியாவில் சிறுநீரக மாற்று முதன்முதலில் வெற்றிபெற்றது 1971இல், வேலூர் சி.எம்.சி.யில். பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்து மலையோரக் கிராமத்திலிருந்து டயாலிசிஸுக்காக வாரம் இரண்டு மூன்று முறை பஸ் ஏறுவது லேசான காரியமில்லை. 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம், வயிற்றுவழி டயாலிசிஸுக்கான திரவப் பைகளை வீட்டுக்கே தருகிறது.

இந்நோயாளிகளுக்கு நட்சத்திரப் பழம் ஆகவே ஆகாது: அதிலுள்ள காரம்பாக்சின், நிற்காத விக்கலில் தொடங்கி வலிப்புவரை கொண்டுபோகும்.