எம்டன் வந்த விடியற்காலை

சின்ன வயதில் ஏதாவது தில்லுமுல்லு செய்து மாட்டிக்கொண்டால் பாட்டி, "நீ சரியான எம்டன்டா" என்பார். சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். எம்டன் ஒரு ஜெர்மன் போர்க்கப்பல் என்பது கடைசிவரை அவருக்குத் தெரியாது.

எனக்கும் வேலைக்குப் போன பிறகுதான் அந்தக் கப்பல் மேல் அக்கறை வந்தது. லுமுட்டில் ஒரு கட்டுமான வேலை. 'இந்தத் தேதிவரை இங்கே நங்கூரம் போடக்கூடாது, வேகம் குறைத்துக் கடக்கவும்' என்று கப்பல்களுக்கு ஓர் அறிவிப்பு. ஒரு தாளுக்கு இவ்வளவு கையெழுத்தா என்று சலித்துக்கொண்டேன். அப்புறம் 1914இன் பினாங்கைப் படித்தேன்.

அந்த செப்டம்பரில் எம்டன் வங்காள விரிகுடாவில் சரக்குக் கப்பல்களை வரிசையாக மூழ்கடித்தது. 22ஆம் தேதி இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. கப்பல்களைத் துறைமுகங்களிலேயே நிறுத்திவைத்தார்கள். ரங்கூன் அரிசியும் நாகப்பட்டினத்து ஆட்களும் நம் தோட்டங்களுக்கு வந்த கடல் அதுதான். அடுத்த கப்பல் எப்போது என்று லயத்தில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்! அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் அக்டோபர் 28 விடியலில் பினாங்குத் துறைமுக விளக்குகள் சமாதான காலம் போல எரிந்துகொண்டிருந்தன. ரஷ்யக் கப்பல் ஜெம்சுக் நங்கூரத்தில் கிடந்தது. கேப்டன் கரையில் இருந்தார். பீரங்கிக் குண்டுகளில் பெரும்பகுதி பூட்டிய அறையில். எம்டனுக்குப் புகைபோக்கி மூன்று. பொய்யாக நான்காவது ஒன்றைக் கட்டி, பிரிட்டிஷ் கப்பல் வேஷத்தில் உள்ளே வந்து இரண்டு டார்ப்பிடோ விட்டது. ஜெம்சுக் இரண்டாகப் பிளந்தது. ஏறக்குறைய 90 பேர் செத்தார்கள். கேப்டனைப் பின்னர் ராணுவ நீதிமன்றம் தண்டித்தது. ஒருவர் தலையில் கட்டினால் மற்றவர்களுக்கு நிம்மதிதான்!

வெளியேறும்போது வாசலில் வெடிமருந்து ஏற்றிய கிளென்டரெட் என்ற கப்பலை எம்டன் மறித்தது. அதற்குள் ரோந்து சுற்றிய பிரெஞ்சுக் கப்பல் மூஸ்கே தெரிந்ததும் அதை விட்டுவிட்டு மூஸ்கேவை மூழ்கடித்தது. தண்ணீரில் தத்தளித்த 36 பிரெஞ்சுக்காரர்களை ஏற்றிக்கொண்டுதான் போனது. நவம்பர் 9இல் கோகோஸ் தீவில் அதன் கதையும் முடிந்தது.

போன வருஷம் பினாங்கு வெஸ்டர்ன் ரோடு இடுகாட்டில் ஜெம்சுக் மாலுமிகளின் நினைவுச்சின்னத்தைப் பார்க்கப் போனேன். கூட வந்த ஈப்போ நண்பன், "ரஷ்யாக்காரன் இங்க என்னடா பண்ணான்?" என்று கேட்டான்.

நங்கூரம் போட்டிருந்தான் என்றேன்.