கியர் கூடாது என்றார் ஆசிரியர்

எங்கள் சைக்கிள் கடைக்கு வரும் பெரியவர்கள் சிலருக்கு கியர் வண்டி என்றாலே இளக்காரம். "கால்ல வலு இல்லாதவனுக்குத்தான் தம்பி கியரு" என்பார்கள். சொன்ன கையோடு பேரனுக்கு ஏழு கியர் வண்டியையே பேரம் பேசி வாங்கிப்போவார்கள். நான் வாதாடுவதில்லை. இதே பேச்சைப் பிரான்ஸில் ஒரு பத்திரிகை ஆசிரியர் நூறு வருடத்துக்கு முன்பே பேசினார். பேசியதோடு விடாமல் அதையே பந்தய விதியாகவும் ஆக்கினார். உலகத்திலேயே கால்வலு மிகுந்தவர்கள் முப்பது வருடத்துக்கு மேல் மலைக் கணவாய்களில் திணறியதற்கு அந்த விதி பெரிய காரணம்.

அவர் பெயர் ஆன்ரி தெக்ராஞ்ஜ். மஞ்சள் தாளில் அச்சான 'லோத்தோ' என்ற விளையாட்டுப் பத்திரிகையை நடத்தினார். 1903-ல் அவர் டூர் த பிரான்ஸ் பந்தயத்தை ஆரம்பித்ததே பத்திரிகை விற்பனைக்காகத்தான். கியர் மாற்றுவதெல்லாம் நாற்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு என்பது அவர் கட்சி. வீரன் என்றால் தசையால் ஜெயிக்க வேண்டும், இயந்திரத்தால் ஜெயிக்கக் கூடாதாம்.

அப்போது கியரே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். சேன்ட் எத்தியென் என்ற ஊரில் பட்டு வியாபாரத்தை விட்டுவிட்டு சைக்கிளுக்கு வந்த போல் த விவி என்ற மனிதர் இருந்தார். 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதுவார். 1887-லேயே சைக்கிளுக்கென்று பத்திரிகை தொடங்கியவர். அவர் ஊருக்குப் பக்கத்திலேயே 1,161 மீட்டர் உயரத்தில் ஒரு கணவாய் இருக்கிறது. அதில் ஏறி இறங்கித்தான் ஒவ்வொரு கியர் அமைப்பையும் சோதித்தார். 1902-ல் பிரான்ஸின் டூரிங் கிளப் பிரெனீஸ் மலையில் தூர்மலே கணவாய் வழியாக சைக்கிள்களுக்கு ஒரு சோதனை ஓட்டம் வைத்தபோது, கியர் வைத்த வண்டியில் மார்த் எஸ் என்ற பெண்ணும் ஓட்டினார். ஊர் சுற்றப் போகிறவர்களுக்கு அன்றைக்கே கிடைத்த வசதி, சாம்பியன்களுக்கு 1937 வரை கிடைக்கவில்லை.

கடைக்காரன் என்பதால் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். முன்னால் செயின் வீலில் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 22 பல் என்றால், பெடல் ஒரு சுற்று சுற்ற பின்சக்கரம் இரண்டு சுற்று சுற்றும். சக்கரத்தின் சுற்றளவு இரண்டு மீட்டர் சொச்சம். ஆக ஒரு மிதிக்கு நாலு மீட்டருக்கு மேல். சமதரையில் இது ஒன்றுமே இல்லை, ஓட்டுகிறவன் இன்னும் கனமான பல் கேட்பான். தூர்மலேயில் சுமார் 17 கிலோமீட்டருக்குள் 1,200 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். அங்கே இதே நாலு மீட்டர் முழங்காலைப் பிடுங்கும். அந்தக் காலத்துப் பந்தய வண்டியில் இதற்கு இருந்த ஒரே வழி, பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் வெவ்வேறு அளவில் பல்சக்கரம் வைப்பது. அடிவாரத்தில் இறங்கி, நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டு, செயினை இழுத்துவைத்து முடுக்க வேண்டும். உச்சிக்குப் போனதும் மறுபடி அதே வேலை.

1910-ல் இந்த வண்டிகளோடு பிரெனீஸுக்குள் போகலாம் என்று நச்சரித்தவர் தெக்ராஞ்ஜின் உதவியாளர் அல்போன்ஸ் ஸ்தெனெஸ். பாதை பார்க்கப் போனவருடைய கார் பனியில் மாட்டிக்கொண்டது. இரவில் நடந்தே கணவாயைக் கடந்தார். உயிர் பிழைத்ததே பெரிது. ஆனாலும் 'தூர்மலே கடந்தாயிற்று, பாதை பிரமாதம்' என்ற பொருள்பட ஆபீசுக்குத் தந்தி அடித்தார் என்பார்கள். பத்திரிகைக்காரர் வேறு எப்படி அடிப்பார்?

அந்த வருடம் ஜூலை 21 அன்று, விடிவதற்கு முன்பே லூஷோனில் கிளம்பினார்கள். பயோன் வரை 326 கிலோமீட்டர், நடுவே பேரசூர்த், ஆஸ்பான், தூர்மலே, ஒபிஸ்க் கணவாய்கள். தூர்மலேயைக் கால் ஊன்றாமல் ஏறியதற்காக குஸ்தாவ் காரிகூவுக்கு 100 பிராங்க் பரிசு. இறங்காமல் ஏறியதற்கே பரிசு என்றால் மற்றவர்கள் எப்படி ஏறியிருப்பார்கள் என்று யூகித்துக்கொள்ளலாம். ஒபிஸ்க்கில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த ஒக்தாவ் லப்பீஸ், அங்கே நின்ற பந்தய அதிகாரிகளைப் பார்த்து "கொலைகாரர்கள்" என்று கத்தினார். பதினாலு மணி நேரத்துக்கு மேல் ஓட்டி அன்றைய ஓட்டத்தை ஜெயித்ததும் அவர்தான், பந்தயத்தை ஜெயித்ததும் அவர்தான். 1917-ல் போர் விமானியாக வானத்தில் செத்துப்போனார்.

எனக்கு மனசு ஆறாத கதை 1913-ல் நடந்தது. தூர்மலே இறக்கத்தில் யூஜீன் கிறிஸ்தோஃபின் ஃபோர்க் ஒடிந்தது. அந்த வருடம் ஜெயிக்கக்கூடிய இடத்தில் இருந்தவர். வேறு வண்டி வாங்கக் கூடாது, யாரும் கை கொடுக்கக் கூடாது என்பது விதி. வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்து, சேன்ட் மரி த காம்பான் கிராமத்துக் கொல்லுப்பட்டறைக்கு வந்து சேர்ந்தார். பட்டறைக்காரர் பார்க்கலாம், தொடக்கூடாது. அதிகாரிகள் காவல் நிற்க, 22 மில்லிமீட்டர் இரும்புக் குழாய் ஒன்றைத் தேடி எடுத்து, உலையில் காய்ச்சி, அடித்து, துளை போட்டு ஃபோர்க்கைத் தானே ஒட்டவைத்தார். ஒரு கையில் இரும்பைப் பிடித்துக்கொண்டு மறுகையில் எத்தனை வேலைதான் செய்வார்? துருத்தியை ஒரு சிறுவன் ஊதினான். அதற்கும் அபராதம் போட்டார்கள். பத்து நிமிடம் என்று போட்டு, பிறகு மூன்றாகக் குறைத்தார்கள்.

எங்கள் கடையில் ஒடிந்த ஃபோர்க் வந்தால் பேசாமல் புதுசு மாட்டிவிடுவோம். பற்றவைத்ததை நம்பி ஒருவரை இறக்கத்தில் அனுப்ப எனக்குத் துணிச்சல் கிடையாது. கிறிஸ்தோஃப் அதே ஃபோர்க்கோடு ஆஸ்பான், பேரசூர்த் இரண்டையும் ஏறி இறங்கி லூஷோன் போய்ச் சேர்ந்தார். இதைப் பெரிய வீரம் என்று எழுதுகிறார்கள். வீரம்தான், மறுக்கவில்லை. ஆனால் பாதி கஷ்டம் மலை கொடுத்தது, மீதி ஆசிரியர் மேசையிலிருந்து வந்தது. கஷ்டம் கூடினால் கதை கூடும், கதை கூடினால் பத்திரிகை விற்கும். என் தொழில் புத்திக்கு அப்படித்தான் படுகிறது.

வெலோசியோ 1930-ல் சேன்ட் எத்தியெனில் டிராம் மோதி இறந்தார். டூர் பந்தயத்தில் கியருக்கு அனுமதி கிடைத்ததை அவர் பார்க்கவில்லை. 1936-ல் தெக்ராஞ்ஜ் உடல்நலம் கெட்டு ஒதுங்க, பொறுப்பு ஜாக் கொதேயிடம் போனது. அடுத்த வருடமே கியருக்கு அனுமதி. அந்த வருடம் ஜெயித்த ரோஜே லப்பெபி கியர் வண்டியில்தான் ஜெயித்தார். அந்த வருடத்துச் சண்டைகள் வேறு விஷயங்களில் வந்தன. லூஷோனிலிருந்து போ நகருக்குக் கிளம்ப வேண்டிய காலையில் அவருடைய ஹேண்டில்பாரை யாரோ ரம்பத்தால் அறுத்து வைத்திருந்தார்கள். அவசரமாக வேறு மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஏற்றத்தில் ஜனங்கள் முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டார்கள் என்று ஒன்றரை நிமிடம் அபராதம். அது போதாது என்று கொதித்த பெல்ஜியம் அணி, பின்னால் வந்த வேறு தகராறுகளும் சேர, போர்தோவிலேயே பந்தயத்தை விட்டுவிட்டு ஊருக்கு ரயிலேறியது.