பித்தளை விளக்கும் குதிரை லாயமும்

நமது சங்க ஹாலில் இருக்கும் இரண்டு பெரிய குத்துவிளக்குகளை மெஷினில் பாலிஷ் போட்டு, மேலே லாக்கர் பூசிவிடலாம் என்று கமிட்டியில் பேச்சு வந்தது. அப்புறம் தேய்க்கவே வேண்டாமாம். நான் ஆட்சேபித்தேன். கூட்டத்தில் இரண்டு நிமிஷத்தில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். கெமிஸ்ட்ரி படித்தவனின் பிடிவாதம் என்று அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகிவிடும். தாதுவைத் திறந்த உலையில் உருக்கினால் உலோகம் புகையாகப் போய்விடும். அந்த ஆவியை மண் குடுவைகளில் அடைத்துக் குளிரவைத்துப் பிடிக்கும் வித்தையை உதய்பூருக்கு அருகில் ஜாவரில் பெரிய அளவில் செய்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் வில்லியம் சாம்பியன் இதற்குப் பேடன்ட் வாங்கியது 1738-ல். ஜாவர் அதற்குப் பல நூற்றாண்டுகள் மூத்தது.

கும்பகோணம் பக்கத்து நாச்சியார்கோவிலில் வார்க்கும் விளக்கு ஒரே துண்டு அல்ல. அடிப்பாகம், தண்டு, தட்டு, மேலே அன்னம் எல்லாம் திருகி மாட்டுபவை. கழற்றித் தேய்க்க வசதி என்பது இதில் பெரிய லாபம். திருகுமரையில் எண்ணெய் இறங்கிப் பிசினாகி விட்டால் பலத்தைக் காட்டக் கூடாது. வெந்நீரில் சிறிது நேரம் வைத்தால் இளகிக்கொடுக்கும்.

வியாழக்கிழமை விளக்குத் தேய்ப்பது நம் பாட்டிமார்களின் வழக்கம். வெள்ளியன்று தேய்க்க மாட்டார்கள். முதலில் சீயக்காயோ அரப்போ போட்டு எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பார்கள், பிறகுதான் புளி. இந்த வரிசையில் விஷயம் இருக்கிறது. பிசுக்கு இருந்தால் புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் உலோகத்தைத் தொடாது. தொட்டால் கறுத்த ஆக்ஸைடையும் பச்சைக் களிம்பையும் கரைத்துவிடும். ஆனால் புளியைப் பூசிவிட்டு சீரியல் பார்க்கப் போய்விட்டால், துத்தநாகத்தையும் அரித்து, செம்பின் சிவப்பு திட்டுத்திட்டாகத் தெரியும். (சைவ சித்தாந்தத்தில் செம்பில் களிம்பு கூடவே இருப்பது என்று உவமை சொல்வார்கள். காற்றும் ஈரமும் எண்ணெயும் கொடுப்பது அது என்பது என் கட்சி. தத்துவத்தோடு எனக்குச் சண்டை இல்லை.)

இனி குதிரைக் கதை. பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் சேமித்து வைக்கும். மழை முடிந்து எடுத்தால் பித்தளை உறைகள் வெடித்திருக்கும். யாரும் அடிக்கவில்லை, சுடவில்லை. பருவத்தோடு வருவதால் 'சீஸன் கிராக்கிங்' என்ற பெயர் வழங்கியது. காரணம் விளங்கியது 1921-ல்: மூர், பெக்கின்ஸேல், மாலின்ஸன் என்ற மூவர் விளக்கினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியா, ஈரக் காற்று, தகட்டை இழுத்து உறையாக்கியபோது உள்ளே தங்கிய இறுக்கம், மூன்றும் சேர்ந்தால் பித்தளை பிளக்கும். மிதமாகச் சூடாக்கி அந்த இறுக்கத்தைப் போக்குவதே பரிகாரம்.

இது நமக்கு எதற்கு? 1905-ல் இங்கிலாந்தில் ரெக்கிட் கம்பெனி கொண்டுவந்த பிராஸோவில் அமோனியா உண்டு. வார்ப்பு விளக்குக்கு அதனால் பெரிய பயமில்லை. வார்ப்பில் இறுக்கம் குறைவு. ஆனால் இன்று சுவரில் மாட்டும் அலங்கார விளக்குகளும் தொங்கும் விளக்குகளும் மெல்லிய தகட்டை அழுத்திச் செய்தவை. அவற்றின் மடிப்பில் பாலிஷ் தங்கினால் ஆபத்து. துடைத்து எடுத்துவிட வேண்டும். கில்ட் பூசியதாக இருந்தால் புளியும் வேண்டாம், பிராஸோவும் வேண்டாம். மெத்தென்ற துணி போதும்.

லாக்கர் எரியாத விளக்குக்குத்தான் சரி. திரி எரியும் இடத்தில் அது கருகி, உரிந்து, சுரண்டி எடுக்க வேண்டியதாகும். மெஷின் பாலிஷ் அதைவிட மோசம். அது அழுக்கை மட்டும் எடுப்பதில்லை, உலோகத்தையும் சீவுகிறது. நம் ஹால் விளக்குகளின் அடிப்பாகத்தில் கொடுத்தவர்களின் பெயர்கள் வெட்டியிருக்கின்றன. முன்பொரு முறை ஒரு கடையில் கொடுத்து வாங்கிய பிறகு ஒரு பெயரில் முதல் இரண்டு எழுத்துகளைக் காணோம். அந்தக் குடும்பத்தில் இப்போது இவ்வூரில் யாரும் இல்லை. பெயர் இருப்பது அந்த விளக்கில் மட்டும்தான்.

மாதத்தின் முதல் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நான் ஹாலுக்கு வருகிறேன். புளி என் செலவு. தண்டைத் தூக்க இளைஞர் இருவர் வேண்டும்.