துறைமுகமும் இரு கடிதங்களும்

இலங்கையின் திருகோணமலைத் துறைமுகத்தை உலகின் தலைசிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றென மாலுமிகள் போற்றிவந்தனர்; ஆயினும் அந்தச் சிறப்பே அதனை ஆண்டோருக்கு ஓயாத கவலையாயிற்று. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் இங்கு குண்டு பொழிந்தன. 1957இல் பண்டாரநாயக்க அரசு கடற்படைத் தளத்தைப் பிரிட்டிஷாரிடமிருந்து மீட்டுக்கொண்டது.

பின்னர் இலங்கைப் பிரதமராயிருந்த சிறிமாவோ பண்டாரநாயக்கவின் முயற்சியால் 1971 டிசம்பர் 16இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை இந்துசமுத்திரத்தைச் சமாதான வலயமாகப் பிரகடனம் செய்தது. அவ்வாரத்திலேயே அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலான 'என்டர்பிரைஸ்' வங்காள விரிகுடாவிற் புகுந்திருந்தது. 1974 மே 18இல் பொக்ரானில் இந்தியா அணுகுண்டுச் சோதனை நடத்தி, அது சமாதான காரியத்துக்கே என்றது. மறுமாதமே கச்சதீவு இலங்கைக்கு உரியதென ஒப்பந்தம் செய்தது. இவ்விரண்டுக்கும் காரண காரிய சம்பந்தம் கற்பிக்க நான் துணியேன். எனினும் பலம் காட்டிய கையே விட்டுக்கொடுத்தலையும் காட்டியபோது அண்டை நாட்டின் அச்சம் தணிந்திருக்கும் என்று கருத இடமுண்டு.

பலத்தையும் விட்டுக்கொடுத்தலையும் ஒருங்கே காட்டும் இந்தப் போக்கு 1987இல் மறைவின்றி வெளிப்பட்டது. ஜூன் 4இல் இந்திய விமானங்கள் கொழும்பின் சம்மதமின்றி யாழ்ப்பாணத்தின்மேல் உணவுப் பொதிகளை வீசின. ஜூலை 29இல் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனாவும் உடன்படிக்கையில் ஒப்பமிட்டு, கடிதங்களையும் பரிமாறிக்கொண்டனர். இந்தியாவின் நலனுக்கு ஊறு விளையுமாறு திருகோணமலையையோ வேறெந்தத் துறைமுகத்தையோ எந்நாட்டினதும் இராணுவப் பயன்பாட்டுக்குக் கொடுப்பதில்லை என்பதும், இங்குள்ள எண்ணெய்க் குதங்களை இரு நாடுகளும் கூட்டாகச் சீர்செய்து நடத்துவதென்பதும் அவற்றில் அடங்கின. இலங்கையின் ஒருமைப்பாட்டை உடன்படிக்கையே ஏற்றுக்கொண்டது. வானிலிருந்து வந்த அச்சுறுத்தல் மாத்திரமே இருந்திருப்பின், கொழும்பு தூரதேசத்து நண்பர்களை இன்னும் ஆவலுடன் நாடியிருக்கும். அபயம் மாத்திரமே இருந்திருப்பின், அக்கடிதங்கள் எழுதப்பட்டிருக்குமா என்பது ஐயமே. ஆனால் அவ்வச்சுறுத்தல் விளைத்த மனக்கசப்பும் சிறிதன்று.

1998இல் இந்தியா தன்னை அணுவாயுத நாடென வெளிப்படையாக அறிவித்தபோதும், அக்கடிதங்களின் வாசகம் மாறவில்லை. துறைமுகத்தை அந்நியருக்குக் கொடாதிருத்தல், ஒன்றுஞ் செய்யாமலே நிறைவேறத்தக்க வாக்கு. குதங்களைச் சீர்செய்தலோ முயற்சியை வேண்டிய வாக்காதலின், 2022 ஜனவரியிற்றான் 99 குதங்களுள் 61ஐக் கூட்டு நிறுவனத்துக்கும், 24ஐ இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 14ஐ இந்திய எண்ணெய் நிறுவனத்தின் கிளையான லங்கா ஐ.ஓ.சி.க்கும் பிரித்துவைத்த புதிய உடன்பாடு கையொப்பமாயிற்று.